அஞ்சறைப்பெட்டியும் அடுத்த சொல்லும்

தலைப்பைப் பார்த்துட்டு சமையல் குறிப்புன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது பொட்டி தட்டுற சமாசாரம். ஆனா பொட்டி தட்டாதவங்களும் தாராளமா படிக்கலாம். நடுவுல ரெண்டு மூணு பத்தி கணக்கு வாடை அடிக்கும், அதை மட்டும் தாண்டிக் குதிச்சுடுங்க. குடி ஒண்ணும் முழுகிடாது.

மேட்டர் இதுதான். நிரல்மொழிகள்ல 'டிக்சனரி'ன்னு ஒரு சாமான் உண்டு. ஒரு சாவியைக் கொடுத்தா அந்தச் சாவிக்கு உண்டான பொருளை எடுத்துக் கையில கொடுக்கும். 'முடுக்கு' அப்படின்னு கேட்டா 'குறுகலான சந்து' அப்படின்னு சொல்லும். நல்ல பிள்ளை. கேட்டது இருந்தா கண்ணிமைக்கிறதுக்குள்ள கொடுக்கும், இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடும். ஆனா அதே பிள்ளைகிட்ட, "முடுக்குக்கு அடுத்து என்ன சொல் இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. பேந்தப் பேந்த முழிக்கும்.

இந்தக் கேள்வியை எங்கிட்ட கேட்டது எங்கப்பா.

அப்பா முப்பது வருசத்துக்கு மேல தமிழ் வாத்தியாரா இருந்து ஓய்வு பெற்றவங்க. தென்காசிப் பக்கம். பள்ளிக்கூடம், சந்தை, கொடை, கல்யாணவீடுன்னு போற இடத்துல எல்லாம் காதுல விழுந்த ஊர்ச்சொல்லை வீட்டுக்கு வந்ததும் நோட்டுல எழுதி வைக்கிறது அவங்க பழக்கம். முடுக்கு, வாரியல், கருக்கல், வெள்ளன, கடகம், சாரம், பைய... இப்படி. மொத்தம் 11 நோட்டு, சுமார் 4,000 சொல். அச்சுல கொண்டு வரணும்னு ரொம்ப நாளா ஒரு எண்ணம். "ஒரு தடவை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பாத்துத் திருத்திட்டுக் குடுத்துருதேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

அந்த 'ஒரு தடவை' வர்றதுக்கு முன்னாடி கண்ணு தகராறு பண்ண ஆரம்பிச்சுது. விழித்திரையோட நடுப்பகுதி தேய்ஞ்சுக்கிட்டே வர்ற வியாதி. ஓரப்பார்வை இருக்கும். நடமாடலாம், ஆளு வர்றது தெரியும். ஆனா நேராப் பாக்குற இடத்துல ஒரு புகைமூட்டம். அதனால படிக்க மட்டும் முடியாது. "இருக்கிறதைக் காப்பாத்தப் பார்க்கலாம், போனது திரும்பாது"ன்னு டாக்டர் சொல்லிட்டார். வாழ்நாள் பூரா படிச்ச மனுசனுக்கு எது போகக்கூடாதோ அதுவே போச்சு.

நோட்டையெல்லாம் என் தங்கச்சி தட்டச்சு பண்ணிக் கொடுத்தா. செல்போன்ல தமிழை வாசிச்சுக் காட்டுற வசதி இருக்கு. ரெண்டையும் சேர்த்து ஒரு சின்ன நிரல் எழுதிட்டா, ஒரே ஒரு பெரிய பொத்தான், அதை அமுக்கினா அடுத்த சொல், அதோட பொருள். அப்பா காதால கேட்டு வாயால திருத்தம் சொல்லலாம். இதுதான் திட்டம்.

அடுத்த சொல். கேக்க எவ்வளவு லேசா இருக்கு பாருங்க!

அஞ்சறைப்பெட்டி

டிக்சனரி ஏன் முழிக்குதுன்னு புரிய, உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டியை நினைச்சுக்கோங்க. கடுகு இந்த அறையில, சீரகம் அந்த அறையில. அம்மா பேசிக்கிட்டே கைய விட்டு சரியா சீரகத்தை எடுப்பாங்க, தேடுறதே கிடையாது. ஆனா "சீரகத்துக்கு அடுத்தது எது?"ன்னு கேட்டா? பக்கத்து அறையில வெந்தயம் இருக்கலாம். அது கை வசதிக்காக வச்சது. அகர வரிசைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

டிக்சனரியும் அதேதான். 'முடுக்கு'ங்கிற சொல்லை ஒரு கணக்குல போட்டு ஒரு எண்ணா மாத்தும். அந்த எண் காட்டுற அறையில போட்டு வைக்கும். திரும்பக் கேட்டா அதே கணக்கு, அதே அறை. இதுக்குப் பேரு ஹாஷிங். ஐபிஎம் நிறுவனத்துல இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1953லயே இந்த யோசனையை எழுதி வச்சிருக்கார். இந்தக் கணக்கு எவ்வளவு நல்லா வேலை செய்யுதோ அந்த அளவுக்கு சொல்லெல்லாம் சிதறும். 'முடுக்கு' ஒரு மூலையில, 'முடை' இன்னொரு மூலையில. சிதறினாத்தான் வேகம். அந்த வேகத்துக்கு நாம கொடுக்குற விலை, வரிசை.

ஒவ்வொரு மொழியிலயும் இதுக்கு ஒரு பேரு. பெர்ல்காரங்க 'ஹாஷ்'னு உள்ளதை உள்ளபடி சொல்லிட்டாங்க. ஜாவாவுல 'மேப்'. பைத்தானும் டாட்நெட்டும் 'டிக்சனரி'. இதை அப்பாகிட்ட விளக்கிச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு ஒரு கேள்வி போட்டாங்க பாருங்க.

"ஏல, அகராதின்னாலே அகரம் ஆதியா வச்சு அடுக்குனதுன்னுதான அர்த்தம்? வரிசையே இல்லாத ஒண்ணுக்கு எந்தக் கூறுகெட்டவன் அந்தப் பேரை வச்சான்?"

பதில் சொல்ல முடியலை. இங்கிலீஷ்ல டிக்சனரிங்கிற வார்த்தைக்குள்ள வரிசைங்கிற அர்த்தம் இல்லை, சொல்லுங்கிற அர்த்தம்தான் இருக்கு. தமிழ்லதான் பேருக்குள்ளயே வரிசை உக்காந்திருக்கு.

அப்பா அதோட விடலை. வாத்தியார் இல்லையா! நிகண்டு கதைக்குப் போயிட்டாங்க. திவாகரம், பிங்கலம் எல்லாம் செய்யுள்ல இருந்துச்சு. தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர்னு வகை வகையாப் பிரிச்சு வச்சிருந்தாங்க. மனப்பாடம் பண்ணினவனுக்கு அது தங்கம். மனப்பாடம் பண்ணாதவன் ஒரு சொல்லைத் தேடினா அம்புட்டுத்தான். 1594ல ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு'ன்னு ஒண்ணு எழுதி, முதல் எழுத்தை வச்சு சொற்களை அடுக்கினார். அப்புறம் 1732ல வீரமாமுனிவரோட சதுரகராதி வந்துச்சு. "உன் டிக்சனரி இன்னும் நிகண்டு காலத்துலயே நிக்கி"ன்னு முடிச்சாங்க. என்னத்தைச் சொல்ல! :-)

சரி, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

'கையில இருக்குற சாவிக்கு அடுத்த பெரிய சாவி எது'ங்கிறதுக்கு வழக்கமா மூணு வழி சொல்லுவாங்க.

முதல் வழி, ஒண்ணு ஒண்ணாக் கூட்டிப் பாக்குறது. சாவி 17ஆ? 18 இருக்கா, 19 இருக்கா, 20 இருக்கான்னு கேட்டுக்கிட்டே போறது. சாவியெல்லாம் முழு எண்ணா, நெருக்கமா இருந்தா இது ஓடும். 17க்கு அடுத்தது 90,000னா விடிஞ்சிடும். சொல்லுக்கு இந்த வழி உதவவே உதவாது. 'முடுக்கு'க்கு அடுத்த எழுத்துக்கோவை எது? அதோட கடைசியில ஒரு எழுத்தைச் சேர்த்தா ஒண்ணு, அதுக்கும் பின்னாடி ஒரு எழுத்தைச் சேர்த்தா இன்னொண்ணு... முடிவே கிடையாது.

ரெண்டாவது வழி, எல்லாச் சாவியையும் ஒரு சுத்து பாக்குறது. கையில இருக்குறதை விடப் பெரிசா இருக்குறதை மட்டும் எடுத்துக்கணும், அதுல எது சின்னதோ அதுதான் விடை. சந்தேகத்துக்கு இடமில்லாத வழி. 4,000 சொல்னா ஒவ்வொரு தடவையும் 4,000 ஒப்பீடு. இன்னைக்கு இருக்குற செல்போனுக்கு இது தூசு. ஆனா முதல் சொல்லுல இருந்து கடைசி வரைக்கும் நடந்தா 4,000 பெருக்கல் 4,000, ஒரு கோடியே 60 லட்சம் ஒப்பீடு. நாலாயிரத்துக்கு நாலாயிரம் படி ஏறி இறங்குற கதை. எப்பவாவது ஒரு தடவை கேக்குற கேள்வின்னா இந்த வழியே போதும். வேகம் வேகம்னு அலையவேண்டாம்.

மூணாவது வழி, ஒரே ஒரு தடவை வரிசைப்படுத்தி வச்சுட்டு, நடுவுல பிளந்து தேடுறது. டெலிபோன் டைரக்டரியை (ஞாபகம் இருக்கா மக்களே?) நடுவுல திறந்து, நாம தேடுற பேரு முன்னாடியா பின்னாடியான்னு பார்த்து, அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குறது. 4,000, 2,000, 1,000, 500... பன்னிரண்டே பிளப்புல முடிஞ்சுடும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924ல இருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா வெளியிட்ட தமிழ் லெக்சிகன்ல ஒரு லட்சத்துக்கு மேல சொற்கள் இருக்கு. அதுக்கும் பதினேழு பிளப்பு போதும்.

இதுல ஒரு அழகு இருக்கு. ஹாஷ்ல, கேட்ட சொல் இல்லைன்னா 'இல்லை'ங்கிறதோட கதை முடிஞ்சுது. பிளந்து தேடுறதுல, இல்லாத சொல்லைத் தேடினாலும் 'இருந்திருந்தா இங்கதான் இருந்திருக்கும்'னு ஒரு இடத்துல கொண்டு போய் நிறுத்தும். அந்த இடத்துக்கு வலப்பக்கம் இருக்குறதுதான் அடுத்த பெரிய சாவி. டாட்நெட்ல பட்டியலை இப்படித் தேடினா, கிடைக்காதப்போ ஒரு எதிர்மறை எண்ணைத் திருப்பும். என்னடா பிழைக்குறியீடான்னு பார்த்தா, அந்த எண்ணோட பிட்டுகளைத் தலைகீழாத் திருப்பினா அடுத்த பெரிய சாவியோட இடம் வரும்! தோல்விக்குள்ள விடையை மடிச்சு வச்சுக் கொடுத்திருக்காங்க.

இதெல்லாம் பால்வாடி சமாசாரம்னு நினைச்சுடாதீங்க. பிளந்து தேடுறதைப் பத்தின முதல் குறிப்பு 1946ல வந்துச்சு, எல்லா அளவுக்கும் சரியா ஓடுற வடிவம் வெளிவந்தது 1962லதான்னு டொனால்ட் குனுத் எழுதியிருக்கார். அதுக்கப்புறமும் கதை முடியலை. ஜாவாவோட சொந்த நூலகத்துலயே இதுல ஒரு பிழை ஒன்பது வருசம் போல ஒளிஞ்சிருந்துச்சு. 2006ல ஜோஷுவா பிளாக் அதைப் பத்தி எழுதினார். நடு இடத்தைக் கண்டுபிடிக்க முதலையும் கடைசியையும் கூட்டி ரெண்டால வகுப்போம் இல்லையா, அந்தக் கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினா எதிர்மறையாப் போயிடும். 107 கோடிக்கு மேல சாமான் இருந்தாத்தான் இது வெளியில தெரியும், அதனால யார் கண்ணுலயும் படலை. பைத்தான்ல முழு எண்ணுக்கு அப்படி உச்சவரம்பு கிடையாது. அதுலயே 'பைசெக்ட்'னு தயாரா ஒண்ணு கொடுத்திருக்காங்க. நான் அதைத்தான் எடுத்துக்கிட்டேன்.

வரிசைன்னா எந்த வரிசை?

இங்கதான் நம்மூர் வில்லங்கம். வரிசைப்படுத்துன்னு பொட்டிகிட்ட சொன்னா, அது யுனிகோடு எண்ணைப் பார்த்து அடுக்கும். யுனிகோடுல தமிழெழுத்துகளோட இடம், இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாப் போட்ட இஸ்கி குறியேற்றத்தை ஒட்டி வந்தது. அதனால ந-வுக்குப் பக்கத்துல ன, ர-வுக்குப் பக்கத்துல ற, அப்புறம் ல, ள, ழ, வ. நம்ம நெடுங்கணக்குல ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. ஆக, பொட்டி 'பழம்' முதல்ல, 'பவளம்' அடுத்துன்னு சொல்லும். அகராதியில பவளம்தான் முதல்ல.

இதை விடப் பெரிய தலைவலி புள்ளி. பட்டை, படகு, படி மூணையும் எடுத்துக்கோங்க. அகராதியில இதே வரிசைதான். மெய்யெழுத்து முன்னாடி, உயிர்மெய் பின்னாடி, அதனால 'ட்' வந்த பிறகுதான் 'ட'. யுனிகோடுல ட்-ங்கிறது தனி எழுத்து இல்லை. ட, அது கூட ஒரு புள்ளி. அந்தப் புள்ளியோட எண் எல்லா எழுத்தை விடவும், ஆ-கார ஐ-காரக் குறிகளை விடவும் பெரிசு. அதனால பொட்டி போடுற வரிசை: படகு, படி, பட்டை. முதல் ஆளு கடைசிக்குப் போயிட்டார்!

கண்ணு தெரியறவங்களுக்கு இது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். பக்கத்தை மேலயும் கீழயும் பார்த்தா அகப்பட்டுடும். ஒண்ணு ஒண்ணாக் காதால கேக்குறவங்களுக்கு வரிசைதான் ஊன்றுகோல். எனக்கு இது நல்லா உறைச்சது அப்பா கேட்ட ஒரு கேள்வியில. "நோட்டுல எழுதுன வரிசையிலயே சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். பைத்தான்ல 2018ல வந்த 3.7 பதிப்புல இருந்து, போட்ட வரிசை மாறாம இருக்கும்னு உத்தரவாதம் உண்டு, அதனால அது சுலபம். அப்பா சொன்னாங்க, "அது நாம் போன தெருவோட வரிசைல்லா? எனக்கு அகராதி வரிசை வேணும். அதுலதான் எது விட்டுப்போச்சுன்னு தெரியும்."

அதனால ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் போட்டேன். உயிர் 12க்கு 1 முதல் 12. ஆய்தம் 13. க் 14, க 15, கா 16ன்னு போயி கௌ 26. ங் 27. ஒவ்வொரு மெய்க்கும் பதிமூணு வீடு, 18 மெய்க்கு 234. கூட 13 சேர்த்தா, னௌ சரியா 247ல வந்து நிக்குது. சின்ன வயசுல மனப்பாடம் பண்ணின அதே 247! இப்ப பட்டை 119-66-75. படகு 119-67-19. படி 119-69. பொட்டி இந்த எண்களை ஒப்பிட்டா தொல்லையில்லாம அகராதி வரிசை வந்துடுது. கிரந்த எழுத்துகளுக்கு 247க்கு மேல இடம் கொடுக்கலாம். அப்பா நோட்டுல அதுக்கு வேலை இல்லை, ஜம்பரைக் கூட 'சம்பர்'னுதான் எழுதியிருக்காங்க. இந்த வரிசை விதிகள் ஐசியுங்கிற நூலகத்துல ஏற்கெனவே இருக்கு, பெரிய வேலைக்கு அதை எடுத்துக்குறது உத்தமம். சின்ன வேலைக்கு இந்த 247 போதும்.

இன்னொரு சங்கதியும் கவனிக்கணும். 'கொ'ங்கிற எழுத்தை ஒற்றைக் குறியாவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு, பொட்டிக்கு வேற வேற சாவி. வரிசைக்கு முன்னாடி எல்லாத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடணும். இல்லைன்னா 'கொடை' ரெண்டு இடத்துல இருக்கும்.

நாலு வாசல்

ஜாவாவுல 2006ல வந்த ஆறாம் பதிப்புல, வரிசையான மேப்புக்கு நாலு கேள்வி சேர்த்தாங்க. ஹையர், சீலிங், லோயர், ஃப்ளோர். கொடுத்த சாவியை விடப் பெரிசு. அதே சாவி அல்லது அதை விடப் பெரிசு. அதை விடச் சின்னது. அதே சாவி அல்லது அதை விடச் சின்னது. ஹையருக்கும் சீலிங்குக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்தான். அந்த மயிரிழையிலதான் எங்கப்பாவோட பொத்தான் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

எப்படின்னா, அப்பா வாயால 'படி'ன்னு சொல்லி ஆரம்பிக்கிறாங்க. பட்டியல்ல 'படி' இருந்தா அதைத்தான் சொல்லணும், இல்லைன்னா அதுக்கு அடுத்தது. அது சீலிங். அப்புறம் பொத்தானை அமுக்குறாங்க. இப்போ கண்டிப்பா 'படி'யை விடப் பெரிசுதான் வரணும். அது ஹையர். பொத்தானுக்கும் சீலிங்கைப் போட்டா 'படி, படி, படி'ன்னு ஒரே படியில நின்னுக்கிட்டே இருக்கும். ஆரம்பத்துக்கே ஹையரைப் போட்டா கேட்ட சொல்லையே முழுங்கிடும். பின்னால போற பொத்தானுக்கு லோயர். சி++ பழகினவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்க லோயர் பவுண்டுன்னா சின்னது இல்லை, நம்ம சீலிங்தான். அப்பர் பவுண்டுதான் ஹையர். பேரை நம்பி மோசம் போயிடாதீங்க.

அப்பாவுக்கு இதுல இன்னொரு நுணுக்கமும் சட்டுனு பிடிபட்டுடுச்சு. 'பட'ன்னு சொல்லி ஆரம்பிச்சா பட்டை வராது, ஏன்னா அது முன்னாடியே போயிடுச்சு. "பட்டையில இருந்து வேணும்னா 'பட்'னு ஆரம்பிக்கணும், அப்படித்தான?" வாழ்நாள் பூரா அகராதி புரட்டின கை!

இருந்திருந்தா இங்க இருந்திருக்கும்

போன ஆடியில வேலையை ஆரம்பிச்சோம். தினம் காலையில திண்ணையில உக்காந்து நாப்பது அம்பது சொல். ஒரு நாள் ப-வுல போயிக்கிட்டிருக்கு. 'பண்டம்' முடிஞ்சு பொத்தானை அமுக்கினாங்க. 'பண்ணை'ன்னு சொல்லுச்சு. அப்பா கையை எடுத்துட்டாங்க.

"நடுவுல ஒண்ணு இருக்கணுமேல."

பின்னால போனோம், முன்னால வந்தோம். பண்டம், பண்ணை. நடுவுல ஒண்ணும் இல்லை.

"பண்டுவம் எங்க போச்சு? எங்காத்தா சொல்லுவாளே, 'மாட்டுக்குப் பண்டுவம் பாக்கணும்'னு. நான் எழுதுனேன்லா."

நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஏழாவது நோட்டுல ஒரு தாளோட கீழ்ப்பாதியைக் கரையான் தின்னிருக்கு. அதுல இருந்ததைத் தங்கச்சி எப்படித் தட்டச்சு பண்ணுவா? அந்தக் கிழிஞ்ச தாளோட மேல்பாதியில இருந்த சொற்களை அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. எந்தத் தெருவுல, யார் வாயால கேட்டதுன்னு ஒண்ணு ஒண்ணாக் கோத்துக்கிட்டே வந்து, அந்த அரைத்தாள்ல இருந்த ஒன்பது சொல்லைச் சொல்லிட்டாங்க. பண்டுவம் அதுல மூணாவது.

ஆக அப்பாவுக்கு ரெண்டு வரிசையும் தேவைப்பட்டுச்சு. அகராதி வரிசை ஓட்டையைக் காட்டுச்சு, தெரு வரிசை அந்த ஓட்டையை அடைச்சுது. அன்னைக்கே ஒவ்வொரு சொல்லு கூடவும் நோட்டு எண்ணையும் பக்க எண்ணையும் சேர்த்துட்டேன். இப்ப ரெண்டு பொத்தான்: 'அகராதியில் அடுத்தது', 'நோட்டில் அடுத்தது'.

புதுச் சொல் சேர்க்குறப்போ வரிசையான பட்டியல்ல நடுவுல இடம் விட்டு மத்ததெல்லாம் ஒரு அடி தள்ளி நிக்கணும். பெரிய அளவுல இது ஆகாது. அதுக்காகத்தான் சமநிலை மரங்கள் எல்லாம் இருக்கு. ஜாவாவோட ட்ரீமேப் சிவப்பு-கறுப்பு மரம். தரவுத்தளங்கள்ல பேயரும் மெக்கிரைட்டும் போயிங் நிறுவனத்துல இருந்தப்போ உருவாக்கி, 1972ல விரிவா எழுதி வெளியிட்ட பி-மரம். சேர்க்குறதும் தேடுறதும் அடுத்ததைக் கேக்குறதும் ரெண்டும் கெடாம நடக்கும். 4,000 சொல்லுக்கு அந்த மரமெல்லாம் வேண்டாம், தள்ளி நின்னாலே போதும்.

பஸ் ஸ்டாண்டும் இதேதான்

இந்தக் கேள்வியைக் கத்துக்கிட்ட பிறகு பாக்குற இடமெல்லாம் இதுதான் தெரியுது. 8.47க்கு பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழையறீங்க, அடுத்த பஸ் எப்போ? சீலிங். வருமானவரி எந்தப் படிநிலையில விழுது? அது ஃப்ளோர் பக்கம். கடைசி பஸ்ஸும் போயிட்டா? நாளைக்கு முதல் பஸ். அதாவது கடைசிச் சாவிக்கு அடுத்தது முதல் சாவி, வட்டமா மடங்குது. பெரிய பெரிய நிறுவனங்கள்ல எந்தத் தகவலை எந்த சர்வர்ல வைக்கிறதுங்கிறதுக்கும் இந்த வட்டம்தான். 1997ல 'கன்சிஸ்டென்ட் ஹாஷிங்'னு வந்த யோசனை, 2007ல அமேசான் வெளியிட்ட டைனமோ கட்டுரையாலயும் பிரபலமாச்சு. தகவலோட எண்ணுக்கு வட்டத்துல அடுத்த பெரிய எண் எந்த சர்வரோ, அதுதான் வீடு. கடைசியைத் தாண்டினா முதல் ஆளு.

எங்க பொத்தானுக்கும் இந்தக் கேள்வி வந்துச்சு. கடைசிச் சொல் வைக்கப்படப்பு. அதுல நின்னுக்கிட்டுப் பொத்தானை அமுக்கினா என்ன சொல்றது? ஜாவா 'நல்'னு வெறுங்கையைக் காட்டும். பைத்தான்ல பட்டியலோட நீளத்தையே இடமாக் கொடுக்கும், அங்க ஒண்ணும் இருக்காது. அதைக் கவனிக்காம எடுக்கப் போனா நிரல் படுத்துடும். வட்டமா மடக்கி மறுபடி அ-வுல இருந்து ஆரம்பிக்கட்டுமா, இல்லை 'முற்றும்'னு சொல்லட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டேன்.

"முற்றும்னு எல்லாம் போடாதல. 'வேற ஏதும் உண்டா?'ன்னு கேக்கச் சொல்லு. நான் சொன்னேன்னா எழுதிக்கிடட்டும்."

அப்படியே வச்சிருக்கேன். கடைசிச் சொல்லுக்கு அப்புறம் போன் கேள்வி கேக்கும், கேட்டுட்டு ஒலிப்பதிவைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கும். நேத்து வரைக்கும் அந்த வழியா 63 சொல் சேர்ந்திருக்கு. முதல் சுத்துத் திருத்தம் முடிஞ்சுது, ரெண்டாவது சுத்து க-வுல ஓடிக்கிட்டிருக்கு.

பி.கு: உங்க வீட்டுலயும் இப்படி நோட்டு வச்சிருக்குற பெரியவங்க யாராவது இருந்தா, முதல்ல கரையானுக்கு முன்னாடி போட்டோ எடுத்து வைங்க. நிரலெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். 247 எண் பட்டியல் வேணுங்கிறவங்க கேளுங்க, அனுப்பி வைக்கிறேன்.